மே மாதம் நான்கு வாரம்: சட்ட மாணவர்களுக்குப் படி கொடுத்து மலைக்கு அனுப்பலாமா?

அஸ்தம்பட்டி வக்கீல் | பிப்ரவரி 18, இரவு 9:40

வணக்கம். சேலம் கோர்ட்டில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் என் ஆபீசுக்கு ஐந்தாறு சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். "சார், ஒரு மாதம் இன்டர்ன்ஷிப், சர்டிபிகேட் வேணும்." நானும் சரி என்பேன். மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, மாஜிஸ்திரேட் கோர்ட் மட்டும் நடக்கும். பிள்ளைகள் பழைய கேஸ் கட்டுகளைத் தூசி தட்டுவார்கள், குமாஸ்தாவுக்கு டீ வாங்கி வருவார்கள். மாதக் கடைசியில் "சிறப்பாகப் பணியாற்றினார்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இதுவரை எத்தனை போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்து வருடப் படிப்புக்கு 20 வாரமும் பயிற்சி கேட்கின்றன. ஒரு வருடத்தில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. வக்கீல் ஆபீசில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று விதியில் இல்லை. தொண்டு அமைப்பு, உள்ளாட்சி எல்லாமே கணக்கில் சேரும். நாம்தான் அதை ஆபீசுக்குள் சுருக்கி வைத்திருக்கிறோம்.

நானும் இன்னும் மூன்று வக்கீல்களும் ஒரு யோசனை வைத்திருக்கிறோம். ஆளுக்கு 5,000 போட்டு 20,000. நான்கு மாணவர்கள், ஆளுக்கு 5,000 ரூபாய் படி (உதவித்தொகை), மே மாதம் நான்கு வாரம். இரண்டு பேர் ஏற்காட்டு மலைக் கிராமங்களில் வன உரிமை மனு (காட்டு நிலத்தை உழுகிறவர்கள் உரிமை கேட்கும் மனு), சாதிச் சான்றிதழ் வேலை. இரண்டு பேர் கீழே, ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத கைதிகளின் வேலை. குறை இருந்தால் சொல்லுங்கள், அதற்காகத்தான் இங்கே போடுகிறேன்.

---

ஓமலூர் சீனியர் | பிப்ரவரி 18, இரவு 10:25

நல்ல மனசு, தம்பி. ஆனால் காசு எதற்கு? நாங்கள் சீனியர் ஆபீசில் கட்டைத் தொடவே ஆறு மாதம் ஆனது. பஸ் காசு கூட அப்பாதான் கொடுத்தார். வேலை கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு நாம் காசு கொடுத்தால், நாளைக்குக் காசு கொடுக்கும் இடத்துக்குத்தான் போவான். பொதுச் சேவை என்றால் சேவையாக இருக்கட்டும்.

---

ஏழாவது செமஸ்டர் | பிப்ரவரி 18, இரவு 11:50

பதிவு போடலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐந்து வருடப் படிப்பில் இருக்கிறேன். 2019ல் சேலத்துக்கு அரசு சட்டக் கல்லூரி வராமல் இருந்திருந்தால் நான் சட்டமே படித்திருக்க மாட்டேன், வெளியூருக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அப்பா கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறார். போன மே மாதம் நான் துணிக்கடையில் நின்றேன். மாதம் 9,000. அதில்தான் அடுத்த செமஸ்டர் பீஸும் இரண்டு புத்தகமும். இப்போது சாரின் கணக்கைப் பார்க்கலாம். 24 வேலை நாளுக்கு 5,000 என்றால் நாளுக்கு 208 ரூபாய். 2024-25ல் நூறு நாள் வேலைக்கே நம் மாநிலத்தில் நாள்கூலி 319. பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ் போக என் கையில் ஒன்றும் நிற்காது. துணிக்கடை 9,000 போனது தனி நஷ்டம்.

ஓமலூர் சாருக்கு மரியாதையுடன் ஒன்று கேட்கிறேன். பஸ் காசு கொடுக்க உங்களுக்கு அப்பா இருந்தார். என் வகுப்பில் கைதிகளைப் பற்றி, மலைக் கிராமத்தைப் பற்றி நிறையப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மே மாதம் அந்த வேலைக்குப் போகிறவர்களோ வீட்டில் கார் இருப்பவர்கள் மட்டும். அந்தக் கிராமங்களையும் அந்தக் கைதிகளின் வீடுகளையும் போல வீட்டிலிருந்து வந்தவர்கள் அந்த நேரம் கல்லாவில் பில் போட்டுக்கொண்டு இருக்கிறோம்.

---

ஜாமீன் பேப்பர் | பிப்ரவரி 19, காலை 6:55

தங்கச்சி சொன்னதற்கு மேல் காசு விஷயத்தில் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஓமலூர் சார், ஜூனியர்களுக்கே மாதம் 15,000 தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை, மதுரை, கோவைக்கு 20,000, மற்ற மாவட்டங்களுக்கு 15,000. நம் ஊர் இரண்டாவதில் வரும். அதற்கு முன்பே 2020ல் மாநில அரசு புது வக்கீல்களுக்கு மாதம் 3,000 வீதம் இரண்டு வருடம் என்று அறிவித்தது. அறிவித்த முதல்வர் நம் எடப்பாடிக்காரர்தான். உத்தரவெல்லாம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் ஜூனியருக்குக் கவர் கொடுக்கிறோம் என்று இங்கே கேட்டால் இழை அமைதியாகிவிடும்.

எனக்குத் தெரிந்தது ஜாமீன் வேலை. அதைச் சொல்கிறேன்.

ஜாமீன் உத்தரவு வந்தாலே ஆள் வெளியே வந்துவிடுவான் என்று படிக்கும்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஜாமீன்தாரர், சொத்து வரி ரசீது, ரேஷன் கார்டு, ஆதார் என்று கேட்டால் வாடகை வீட்டில் இருப்பவன் யாரைக் கூட்டி வருவான்? வேறு மாவட்டத்தில் ஒரு கொத்தனார். திருட்டு வழக்கு. உத்தரவு வந்து 41 நாள் உள்ளேயே இருந்தார். அவர் மனைவிக்கு உத்தரவு வந்ததே தெரியாது. நம்பர் மாறிவிட்டது, யாரும் நேரில் போய்ச் சொல்லவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. 2023 ஜனவரி 31ல் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறையே வகுத்துக் கொடுத்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். அதே வருடம் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான திட்டம் கொண்டுவந்தது. அப்போது வைத்த வரம்பு விசாரணைக் கைதிக்கு 40,000, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000. 2024 ஜூலையிலிருந்து, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 479. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்கள் தவிர்த்து மற்றவற்றில், முதல் முறை மாட்டியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் விடலாம்.

இத்தனை இருந்தும் நடுவில் ஒரு ஆள் இல்லை. பட்டியலை எடுத்து, கைதியிடம் ஊர்ப் பெயர் கேட்டு, பஸ் ஏறிப் போய், வீட்டைத் தேடி, "உங்கள் வீட்டுக்காரருக்கு ஜாமீன் ஆகிவிட்டது, இன்னின்ன பேப்பர் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். சட்டம் படித்த, நடக்கத் தெம்புள்ள, தமிழில் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். மே மாதம் மாஜிஸ்திரேட் கோர்ட் நடக்கிறது, அதனால் இந்த வேலைக்கு விடுமுறை தடையே இல்லை. மாணவர் வாதாட முடியாது, வக்காலத்துப் போட முடியாது. அதற்கு ஆணைக்குழுவின் பேனல் வக்கீல் இருக்கிறார். வீட்டைத் தேடிப் போகத்தான் யாரும் இல்லை.

ஒரு நிபந்தனை. சிறைக்குள் போக ஆணைக்குழு வழியாகத்தான் அனுமதி வாங்க வேண்டும். நேரே போய் நிற்காதீர்கள்.

---

சும்மா எட்டிப் பார்த்தேன் | பிப்ரவரி 19, காலை 8:10

சேலம் மத்தியச் சிறை என்றால் எங்கள் தாத்தா ஒன்றே ஒன்று சொல்வார். 1950 பிப்ரவரி 11. உள்ளே இருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். போன வாரம்தான் அந்தத் தேதி போனது. இழைக்குச் சம்பந்தம் இல்லை, மன்னிக்கவும். மேலே பேசுங்கள்.

---

அம்மாப்பேட்டை டு பாஸ்டன் | பிப்ரவரி 19, காலை 9:35

இங்கே இரவு பதினொன்று ஆகிவிட்டது, தூக்கத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இந்தக் காசுச் சண்டை பழசு. சட்டப் படிப்பு மூன்று வருடம். முதல் வருடம் முடிந்த கோடையும் இரண்டாம் வருடம் முடிந்த கோடையும்தான் ஒருவன் என்ன வக்கீலாகப் போகிறான் என்பதைப் பாதி தீர்மானிக்கும். பெரிய நிறுவனத்தில் கோடை வேலைக்கு வாரம் 4,000 டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள். இலவசச் சட்ட உதவி அமைப்பிலோ, வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் அரசு அலுவலகத்திலோ பெரும்பாலும் ஒரு டாலர் கிடையாது. படிப்புக்கு வாங்கிய கடன் கழுத்தில் இருக்கும்போது எவன் அங்கே போவான்? அதனால் கல்லூரிகளே கோடைப் பொதுநல நிதி என்று ஒன்று வைக்க ஆரம்பித்தன. வேலை தரும் அமைப்பு காசு தராது, கல்லூரி தரும். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் தகுதியான வேலை கிடைத்த மாணவருக்கு அந்த நிதி உறுதி. பணம் குறைந்த கல்லூரிகளில் மாணவர் சங்கம் ஏலம் நடத்திச் சேர்க்கிறது. பேராசிரியர் வீட்டில் ஒரு இரவுச் சாப்பாடு, அவரோடு ஒரு சீட்டாட்டம், இதையெல்லாம் ஏலம் விடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இன்னொன்று. கல்லூரி மதிப்பெண் கொடுக்கும் வெளிப்பயிற்சிக்குச் சம்பளம் வாங்கக் கூடாது என்று அங்கேயும் ஒரு விதி இருந்தது. காசு வாங்கினால் கற்றல் கெட்டுவிடும் என்ற ஓமலூர் ஐயாவின் வாதமேதான். 2016ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. காசு வாங்கலாமா என்பதைக் கல்லூரி முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள்.

ஆனால் அங்கே உள்ளதை அப்படியே இங்கே தூக்கி வர முடியாது. அங்கே எட்டு முதல் பத்து வாரம். இங்கே நான்கு வாரத்தோடு விதி நிறுத்துகிறது. நான்கு வாரத்தில் ஒருவர் வேலையைப் புரிந்துகொள்வதற்குள் திரும்பி வந்துவிடுவார். அதனால் வேலையைச் சிறியதாக வெட்டுங்கள். "மலை மக்களின் நில உரிமை" என்று தலைப்பு வைக்காதீர்கள். "இந்த ஒரு குக்கிராமத்தின் மனுக்கள்" என்று வையுங்கள்.

என் பங்கு 15,000. நம் ஊரிலும் ஏலம் விடலாம், மே மாதம் மாம்பழக் கூடை விட்டால் நானே போனில் கேட்பேன்.

---

கணக்குப் பார்ப்பவர் | பிப்ரவரி 19, பிற்பகல் 1:20

பாஸ்டன் அக்கா, கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? இந்தியக் குடிமகள் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், நன்கொடையாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். பதிவு இல்லாத குழு அதைத் தொடக் கூடாது.

இரண்டாவது, 20,000 ரூபாய்க்கு டிரஸ்ட் ஆரம்பிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். பதிவு, பான், வருடா வருடம் ரிட்டர்ன், தணிக்கை என்று படிக்குப் போக வேண்டிய பணம் எனக்கு வந்துவிடும். எனக்குச் சந்தோஷம்தான், உங்களுக்கு வேண்டாம். ஒவ்வொருவரும் மாணவர் கணக்குக்கு நேரே போடுங்கள், யார் எவ்வளவு என்பதை இங்கேயே எழுதுங்கள்.

மூன்றாவது, யாராவது "சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் வாங்கலாமே" என்று சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும். நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி 2 சதவீதம் செலவழிக்கத்தான் வேண்டும், 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு. ஆனால் மலையில் நிலமோ சுரங்கமோ வைத்திருக்கும் கம்பெனியின் பணத்தில் போகும் மாணவர் வன உரிமை மனு எழுதினால், எதிர்த்தரப்பு யாராக இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

---

அம்மாப்பேட்டை டு பாஸ்டன் | பிப்ரவரி 19, மாலை 5:05

இந்தியப் பாஸ்போர்ட்தான். புதுப்பிக்க நியூயார்க் போய் வரிசையில் நின்ற கதை தனி.

---

மலைக்காரன் | பிப்ரவரி 19, இரவு 8:45

நாகலூர்ப் பக்கம். இழையை இரண்டு தடவை படித்தேன். எங்களுக்காக இவ்வளவு பேசுகிறீர்கள், எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் நானே வந்துவிட்டேன்.

முதலில் பெயர். பழங்குடிப் பட்டியலில் எங்கள் இனத்தின் பெயர் மலையாளி. கேரளா இல்லை, மலையை ஆள்கிறவர். பழைய சேலம், தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் நாங்கள் பழங்குடி. அதே சனம் ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருந்தால் பட்டியலில் இல்லை. வருகிற மாணவருக்கு இது தெரியாமல் ஏறி வந்தால் முதல் நாளே கிழவிகள் சிரிப்பார்கள்.

சாதிச் சான்றிதழ். பழங்குடிக்கு வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். என் அக்காவுக்கு இருக்கிறது, எனக்குக் கிடைக்க நான்கு வருடம். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வீடு. எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பேப்பர் குறைகிறது என்றார்கள். குறைகிறது என்பதை எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்க மாட்டார்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும் என்று எனக்கு நான்காவது வருடம்தான் தெரிந்தது. மாணவர்கள் செய்யக்கூடிய முதல் வேலை இதுதான். வம்சாவளி எழுதி, பள்ளிச் சான்றும் அக்கா தம்பி சான்றும் வரிசையாக வைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, பதில் வராவிட்டால் அடுத்தது என்ன என்று அந்தக் காகிதத்தின் பின்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்போது வன உரிமை. சட்டம் 2006ல் வந்தது. நம் மாநிலத்தில் உயர் நீதிமன்ற ஆணை ஒன்று பட்டா கொடுப்பதைப் பல வருடம் நிறுத்தி வைத்திருந்தது, 2016ல்தான் அது நீங்கியது. அதற்குப் பிறகு ஒரு குழு எங்கள் பக்கம் வந்தது. பேர் வேண்டாம். நல்ல பிள்ளைகள்தான். வீடு வீடாகப் போனார்கள், படிவம் நிரப்பினார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். தண்டத் தீர்வை ரசீது, பழைய வரி ரசீது எல்லாம் ஒரிஜினலாக வாங்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை. என் சித்தப்பா 1980களின் ரசீது ஒன்றை டிரங்குப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்தார். அது இப்போது எந்த ஊர் பீரோவில் இருக்கிறதோ.

அதனால் என் நிபந்தனைகள். ஒரிஜினலைத் தொடக் கூடாது, போனில் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். படி மாணவருக்கு மட்டும் என்றால் வர வேண்டாம். எங்கள் ஊரில் பன்னிரண்டு படித்த பெண் இருக்கிறாள், எந்த மேடு எந்தக் குடும்பம் உழுதது என்று தெரிந்த ஆள் இருக்கிறார். மாணவரோடு நாள் முழுக்க அவர்கள்தான் நடக்கப் போகிறார்கள். அவர்கள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும், மாணவருக்கு மட்டும் 5,000. தங்கச்சி துணிக்கடைக் கணக்குப் போட்டாளே, அதே கணக்கு எங்களுக்கும் உண்டு.

---

ஏழாவது செமஸ்டர் | பிப்ரவரி 19, இரவு 9:30

மலைக்கார அண்ணா, நான் அதை யோசிக்கவே இல்லை. என் காசைப் பற்றி மட்டும் எழுதிவிட்டேன்.

---

அஸ்தம்பட்டி வக்கீல் | பிப்ரவரி 19, இரவு 10:15

நானும்தான் யோசிக்கவில்லை. திட்டம் போட்டவனே நான்.

சரி, கணக்கை மாற்றுகிறேன். நான்கு மாணவர் வேண்டாம், இரண்டு போதும். மலையில் ஒருவர், கீழே ஒருவர். ஒவ்வொருவரோடும் உள்ளூர் ஆள் ஒருவர். நான்கு பேருக்கும் ஒரே படி. நாளுக்கு 500, 24 நாளுக்கு 12,000. மொத்தம் 48,000. எங்கள் 20,000, பாஸ்டனிலிருந்து 15,000. இன்னும் 13,000 குறைகிறது.

---

ஓமலூர் சீனியர் | பிப்ரவரி 20, காலை 7:30

நான் காசைப் பற்றிச் சொன்னதை அந்தப் பெண் சரியாகத்தான் பிடித்தாள். அப்பா பஸ் காசு கொடுத்ததைப் பெருமையாக எழுதிவிட்டேன், எத்தனை பேருக்கு அது இல்லை என்று எண்ணவில்லை. போகட்டும்.

ஆனால் நீங்கள் யாரும் பார்க்காத ஒரு பள்ளம் இருக்கிறது. வக்கீல் ஆபீசின் பணத்தில், வக்கீல் ஆபீசின் பெயரில் மாணவர் கிராமத்துக்கும் கைதி வீட்டுக்கும் போனால் அதற்கு என்ன பெயர்? கேஸ் பிடிக்க ஆள் அனுப்பினார்கள் என்று எவனாவது பார் கவுன்சிலுக்கு எழுதினால், வக்கீல்கள் கேஸ் பிடிப்பதைத் தடுக்கும் 36ஆவது விதியில் மாட்டுவது நீங்கள் நான்கு பேரும்தான். ஜாமீன் வேலையில் இது இன்னும் மோசம். கோர்ட் வாசலில் ஏற்கெனவே ஆள் பிடிக்கிறவர்கள் உண்டு, மாணவனை அவர்களில் ஒருவனாக நினைத்துவிடுவார்கள்.

சட்டக் கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையம் வழியாகப் போகட்டும். 2008 விதிகளின்படியே ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வத் தொண்டராகப் பதிவு செய்துகொள்ளட்டும், வக்கீலாகப் பதிவாகாத மாணவரும் சேரலாம். 1987ஆம் வருடச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி உண்டு. நீங்கள் போகிற எல்லா ஆளும் அதற்குள் வந்துவிடுகிறார். அதனால் வருகிற வழக்கு எதையும் நீங்கள் நான்கு பேரும் எடுக்கக் கூடாது, ஆணைக்குழுவுக்கே போக வேண்டும். அதை எழுத்தில் கொடுங்கள். கொடுத்தால் என் பங்கு 10,000.

---

அஸ்தம்பட்டி வக்கீல் | பிப்ரவரி 20, காலை 8:00

எழுத்தில் கொடுக்கிறோம், அண்ணா. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

---

சும்மா எட்டிப் பார்த்தேன் | பிப்ரவரி 20, காலை 8:20

மிச்சம் 3,000 என்னுடையது. தட்டுவடை செட் சாப்பிட ஒதுக்கி வைத்த பணம், ஆறு மாதத்துக்கு வாயைக் கட்டுகிறேன்.

---

ஜாமீன் பேப்பர் | பிப்ரவரி 20, மாலை 6:40

பணம் முடிந்தது. தேதி? பல்கலைக்கழகப் பரீட்சை ஒவ்வொரு வருடமும் ஒரு பக்கம் நகர்கிறது. மேயில் பரீட்சை விழுந்தால் என்ன செய்வது? அட்டவணை வந்த பிறகு தேதி வையுங்கள். கீழே உள்ள வேலை எந்த மாதம் என்றாலும் நடக்கும்.

தங்கும் இடமும் பாருங்கள். ஏற்காட்டை ஏழைகளின் ஊட்டி என்பார்கள், கோடை விழா நேரத்தில் அறை வாடகை கேட்டால் பெயர் மாறிவிடும்.

---

மலைக்காரன் | பிப்ரவரி 20, இரவு 9:10

அறை வேண்டாம். பெண் வந்தால் என் அக்கா வீட்டில் தங்கலாம், அங்கன்வாடிக்குப் பக்கத்து வீடு. சாப்பாட்டுக்குத் தனியாக ஏதாவது கொடுங்கள், படியிலிருந்து பிடிக்காதீர்கள்.

தேதி விஷயத்தில் ஒன்று. மே 1 கிராம சபையைப் பிடித்தால் போதும் என்று கீழே இருப்பவர்கள் நினைப்பீர்கள். அது ஊராட்சிக் கிராம சபை. எங்கள் ஊராட்சியில் குக்கிராமங்கள் பல, சில ஊரிலிருந்து நடந்து வரவே இரண்டு மணி நேரம். வன உரிமைச் சட்டத்துக்குக் குக்கிராமமே தன் சபையைக் கூட்டலாம். பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். அந்தப் பாதிப் பேரை எப்போது சேர்ப்பது? பாதி இளசுகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு எல்லோரும் வருவார்கள். திருவிழா முடிந்த மறுநாள் உட்கார வைத்தால்தான் உண்டு. பரீட்சை வேறு பக்கம் நகர்ந்தால் மலை வேலையை மட்டும் அதை ஒட்டி வையுங்கள்.

மனுவில் இன்னொன்று பார்க்கச் சொல்லுங்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும்தான் உரிமை வர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு வந்த படிவங்களில் ஆம்பளை பெயர் மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். காகிதம் இல்லாதவருக்குப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக் கொடுத்தாலும் ஆதாரம்தான். சாமி இருக்கும் இடம், இடுகாடு, பழைய கிணறு எல்லாமே ஆதாரத்தில் சேரும் என்று விதியில் இருக்கிறதாம். சித்தப்பாவின் ரசீது போனாலும் அவர் நட்ட பலா மரம் இருக்கிறது, அதை யாரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.

---

ஏழாவது செமஸ்டர் | பிப்ரவரி 21, காலை 7:15

நிலத்தில் செய்த நிலையான மேம்பாடும் ஆதாரத்தில் சேரும், அண்ணா, மரத்தையும் அதில் சொல்லிப் பார்க்கலாம். ராத்திரியே விதிகளை எடுத்துப் பார்த்தேன், 13ஆவது விதி. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே உழுதது என்று காட்ட வேண்டும். மனு தள்ளுபடி ஆனால் மேல்முறையீட்டுக்கு 60 நாள். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி எடுத்து வரலாம் என்று இருக்கிறேன். தப்பு இருந்தால் உங்கள் அக்காவைத் திருத்தச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் கேட்டுவிட்டேன். 12,000 என்றதும் "துணிக்கடையை விட 3,000 அதிகமா?" என்றார். அதற்கப்புறம் ராத்திரி எங்கே தங்குவாய் என்று மட்டும்தான் கேட்டார். அக்கா வீடு என்றேன். அவர் போனில் ஒரு தடவை பேச வேண்டுமாம்.

மே மாதம் அங்கே குளிருமா? ஸ்வெட்டர் வாங்க வேண்டுமா?

---

மலைக்காரன் | பிப்ரவரி 21, காலை 7:40

ஸ்வெட்டர் சுற்றுலா வருகிறவர்களுக்கு. குடை எடுத்து வா, மதியம் மூன்று மணிக்கு மேல் மழை பிடிக்கும். படிவங்களை வைக்க நல்ல பிளாஸ்டிக் கவர் ஒன்று. அப்பாவை ராத்திரி ஏழுக்கு மேல் கூப்பிடச் சொல், அதற்கு முன்னால் அக்கா வீட்டில் சிக்னல் எடுக்காது.